தாவோஸ் மலைப் புகையிரதமும் துணைவந்தோர் வரலாறும்

ஐரோப்பிய வரலாறு கற்பிக்குங்கால், கைத்தொழிற் புரட்சியை ஒட்டி எழுந்த புகையிரதப் பாதைகளைப் பற்றிக் கூறாது மேற்செல்லுதல் இயலாது. நிலக்கரி கிடைத்த இடத்திலிருந்து ஆலை நின்ற இடத்துக்கும், ஆலையிலிருந்து துறைமுகத்துக்கும் இருப்புப் பாதை ஓடிற்று என்பதே பாடநூல்கள் கூறும் பொது விதி. அவ்விதிக்கு விலக்காக, நிலக்கரியோ இரும்போ பெருஞ்சந்தையோ இல்லாத ஒரு மலைப் பள்ளத்தாக்கை நோக்கி, நோயுற்ற மனிதரின் சுவாசப்பைகளின் பொருட்டு ஒரு பாதை அமைந்ததுண்டு என்று கூறி, சுவிற்சர்லாந்தின் கிழக்குக் கோடியிலுள்ள தாவோசை ஒருமுறை வகுப்பில் உதாரணமாக எடுத்துக் காட்டினேன். அவ்வூர் பின்னர் பனிச்சறுக்கு விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்றதையும் சேர்த்துச் சொன்னேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சயரோகிகள் நிறைந்த ஊருக்குச் சுகதேகிகள் அஞ்சாமல் ஏன் போனார்கள், ஐயா?" என வினவினான். தக்க விடை அன்று என்னிடம் இருக்கவில்லை. அவ்வினாவைப் பற்றிக்கொண்டு தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கிரவுபுண்டன் மாகாணத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,550 மீற்றர் உயரத்தில், லாண்ட்வாசர் ஆற்றின் ஓரமாக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு தாவோஸ். அதற்கு இரு புகையிரத நிலையங்கள் உள. வடபால் உள்ளது டோர்ப், அதாவது கிராமம். தென்பால் உள்ளது பிளாட்ஸ், அதாவது சதுக்கம். பள்ளத்தாக்கின் வடவாயிலை வொல்ப்காங் என்னும் மேடு அடைத்து நிற்கின்றது. வடகாற்று உட்புகாவண்ணம் இம்மேடு காக்கின்றது என்றும், மாரிக்காலத்திலும் ஆங்கே காற்றசையாது வெயில் எறிக்கின்றது என்றும் அக்கால வைத்தியர் பெரிதும் மெச்சினர். புகையிரதம் வரவேண்டிய வழியும் அம்மேட்டின் மேலேதான் அமைந்தது. நோயாளிக்கு அரணாய் நின்றதே பொறியியலாளருக்குத் தடையாயிற்று.

வைத்தியப் புகழ் தொடங்கியது அலெக்சாந்தர் ஸ்பெங்லர் என்பவரால். இவர் யேர்மனியின் மன்னைம் நகரத்தவர். 1848-49 ஆம் ஆண்டுகளின் புரட்சியிற் கலந்துகொண்டமையால் நாட்டை விட்டு ஓடி, சூரிச்சில் வைத்தியம் கற்று, 1853 இல் தாவோசின் வைத்தியராய் அமர்ந்தார். வேறு யாரும் விரும்பி ஏலாத தொலைமலைப் பதவி அது. அவ்வூர் மக்களிடையே சயரோகம் காணப்படாமையைக் கண்ட அவர், மலைக் காற்றே இதற்குக் காரணம் எனக் கொண்டார். இன்றைய அறிவு கொண்டு நோக்கின், அக்காரணம் முற்றும் பொருந்தாது. வெளியாரோடு கலப்புக் குறைந்து வாழ்ந்த ஊரில் தொற்றும் குறைந்திருத்தல் இயல்பே. நோயாளிகளுள் தேறியவர்க்கு ஓய்வும் நல்லுணவும் உதவியிருத்தல் கூடும். காற்று மட்டும் கிருமியைக் கொன்றதில்லை. எனினும் பிழைபட்ட ஒரு கருத்தின்மேல் ஒரு நகரம் எழுந்து நிலைத்தது என்பது வரலாற்று மாணவர் மறத்தற்குரியதன்று.

1865 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள், பிரிடிறிக் உங்கர் என்னும் வைத்தியரும் ஹியூகோ றிக்டர் என்னும் புத்தக வியாபாரியும், இருவரும் சயரோகிகளே, பனியிற் செல்லும் சறுக்குவண்டியில் தாவோஸ் வந்து சேர்ந்தனர். நோயாளரைக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வெப்பக் கடற்கரைகளுக்கு அனுப்பிய காலத்தில், நடுமாரியிற் பனிமலைக்கு வந்த அவ்விருவரின் துணிவை நாம் வியக்கவேண்டும். இருவரும் உடல் தேறினர். செய்தி பரவியது.

அடுத்து வருபவரே நம் கட்டுரையின் தலைவர். வில்லெம் யான் ஹொல்ஸ்பூர், ஒல்லாந்து நாட்டவர், இளமையிற் கடலோடி, பின்னர் இலண்டனில் வங்கித் தொழில் புரிந்தவர். அவருடைய மனைவி, ஓர் ஆங்கிலப் பெண், சயரோகத்தால் நலிந்தமையின், 1867 இல் அவரை அழைத்துக்கொண்டு தாவோஸ் வந்தார். மனைவி அதிக நாள் வாழவில்லை. வந்த காரியம் முடிந்துபோன அந்த மனிதர் இலண்டனுக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. ஸ்பெங்லருடன் கூட்டுச் சேர்ந்து 1868 இல் ஒரு சுகவாச நிலையத்தை நிறுவினார். அது 1872 இல் தீக்கிரையானபோதும் சோராது மீண்டும் கட்டினார். வைத்தியருக்கு நோயறிவு உண்டு, பணம் இல்லை. கடலோடி வங்கியாளருக்கோ பணம் திரட்டவும் தெரியும், தொலைவழி கணிக்கவும் தெரியும்.

தொலைவழியே பெரிய இடராக நின்றது. ரைன் பள்ளத்தாக்கிலுள்ள லாண்ட்குவாட் வரை 1858 இலேயே புகையிரதம் வந்துவிட்டது. ஆங்கிருந்து தாவோசுக்குள்ள ஏறத்தாழ 50 கிலோமீற்றரையும் குதிரை வண்டியில், மாரியிற் சறுக்குவண்டியில், ஒரு பகலின் பெரும்பகுதியைக் கழித்தே கடக்கவேண்டும். இருமிக் குருதி உமிழும் ஒருவருக்கு அந்தக் கடைசி ஐம்பது கிலோமீற்றர் எத்தகையது என்பதை, மனைவியை அவ்வழியே கொண்டுசென்ற ஹொல்ஸ்பூருக்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

புகையிரதமே தாவோசைப் படைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவாரும் உளர். அது முறைமாறிய கூற்று. ஆங்கில எழுத்தாளர் றோபேட் லூயி ஸ்ரீவன்சன் 1880 இலும் 1881 இலும் மாரிக்காலத்தைக் கழிக்க அங்கு வந்து, "புதையல் தீவு" என்னும் நாவலை அங்கேயே முடித்தபோது இருப்புப் பாதை இல்லை. இத்தாலிய மறுமலர்ச்சி வரலாற்றை எழுதிய ஜோன் அடிங்ரன் சைமண்ட்ஸ் 1877 இலேயே வந்து குடியமர்ந்துவிட்டார். அவர்கள் தங்குவதற்கு விடுதிகளும், மருந்து பார்க்க வைத்தியர்களும் அதற்கு முன்பே இருந்தனர். ஆகவே நோய் ஊரைப் பெருக்கியது; பெருகிய ஊர் பாதையைக் கேட்டது. பாதை செய்தது யாது என்பது பின்னர் விளங்கும்.

1888 இல் வேலை தொடங்கிற்று. தண்டவாள இடைவெளி ஒரு மீற்றர் மட்டுமே என முடிவாயிற்று. ஒடுங்கிய பாதைக்குச் செலவு குறைவு. மலைச்சரிவின் வளைவுகளுக்கும் அது இணங்கும். பற்சக்கர உதவியின்றி, சாதாரணச் சக்கரத்தின் பிடிமானத்தாலேயே ஏறவேண்டும் எனவும் தீர்மானித்தனர். 1,000 மீற்றர் தூரம் சென்றால் 45 மீற்றர் உயரும் சரிவு அது. லாண்ட்குவாட் 523 மீற்றர் உயரத்திலும், வொல்ப்காங் மேடு 1,600 மீற்றருக்கு மேலும் உள்ளன; அவ்வளவையும் நீராவி இயந்திரம் மூச்சிரைத்து ஏறி, பின்னர் தாவோஸ் ஏரிக்கரைக்குச் சற்று இறங்கவேண்டும். இடைவழியிலுள்ள குளோஸ்ரர்ஸ் நிலையத்தில் வண்டி முன்னோக்கி நுழைந்து, இயந்திரத்தை மறுபுறம் மாட்டிப் பின்னோக்கிப் புறப்படவேண்டியிருந்தது. இத்தொல்லை 1930 இல் ஒரு பாலமும் வளைந்த சுரங்கமும் அமைந்த பின்னரே நீங்கியது. குளோஸ்ரர்ஸ் வரையுள்ள பகுதி 1889 ஆம் ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் நாளும், தாவோஸ் பிளாட்ஸ் வரையுள்ள பகுதி 1890 ஆம் ஆண்டு யூலை 21 ஆம் நாளும் திறக்கப்பட்டன. 1895 இல் இக்கம்பனி றேத்தியப் புகையிரதக் கம்பனி எனப் பெயர் மாறியது. இன்று 380 கிலோமீற்றருக்கு மேல் விரிந்துள்ள அக்கம்பனியின் மலைப் பாதைகளுக்கெல்லாம் மூத்தது நோயாளிகளின் பாதையே.

1850 அளவில் தாவோஸ் மக்கள் ஆயிரத்து எழுநூறுக்குக் கிட்டியவர். 1900 இல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டனர். கட்டடப் பொருள், மா, முந்திரிகைச் சாராயம், கரி அனைத்தும் வண்டியில் ஏறின. ஆயினும் ஒரு முரணை ஈண்டுச் சுட்டவேண்டும். சயரோகம் கிருமியால் தொற்றுவது என்பதை றொபேட் கொக் 1882 இல் வெளியிட்டார். நோய் தொற்றும் என உலகம் அறிந்த எட்டாம் ஆண்டிலே, நோயாளரை ஓரிடத்திற் குவிக்கும் புகையிரதம் தாவோசை அடைந்தது. கால் டூர்பன் என்னும் வைத்தியர், கடும் ஒழுங்கு விதிகளோடு கூடிய சயரோக விடுதியை அங்கு முதன்முதலாகத் திறந்ததும் 1889 இலேயே. அதுவரை நோயாளியும் உடன்வந்தவரும் சாதாரண விடுதிகளில் ஒரே மேசையில் உண்டு, ஒரே வீதியில் உலாவினர். இனி நோயாளி மேல்மாடத்திற் போர்வைக்குள் அசையாது பலமணி நேரம் கிடக்கவேண்டும். உடன்வந்தவர் என்ன செய்வது?

மாணவனின் வினாவுக்கு விடை இவ்விடத்திலேதான் கிடைக்கின்றது என்பது என் கருத்து. தாவோசுக்கு முதன்முதற் சென்ற சுகதேகிகள் விளையாடச் சென்றவரல்லர், துணைபோனவர்கள். கணவன், தாய், தந்தை, தமையன் என வந்தோர். அவர்களுக்குப் பணமுண்டு, உடல்வலியுண்டு, செய்வதற்கு வேலை மட்டும் இல்லை. கதவைத் திறந்தால் ஆளுயரப் பனி.

சேர் ஆதர் கொனன் டொயிலை எடுத்துக்கொள்வோம். சேர்லொக் ஹோம்ஸ் கதைகளால் நம் மாணவரும் அறிந்தவர். அவர் மனைவி லூயிசா சயரோகியாதலின், 1893 இல் தாவோஸ் வந்தார். மனைவி படுத்திருக்க, நோர்வே நாட்டார் பாவிக்கும் நீண்ட மரப்பலகைகளைக் காலில் மாட்டிப் பனியிற் செல்லப் பழகினார். அப்பலகைகளை அவ்வூரில் முன்னரே பயின்றிருந்த பிராங்கர் சகோதரர் இருவர் அவருக்கு வழிகாட்டினர். 1894 ஆம் ஆண்டு மார்ச்சு 23 ஆம் நாள் மூவரும் மலைக் கணவாயைக் கடந்து அறோசா என்னும் ஊரை அடைந்தனர். அவ்வனுபவத்தை டொயில் அதே ஆண்டு "ஸ்ராண்ட்" சஞ்சிகையில் எழுதி, ஆங்கிலேயர் பனிச்சறுக்குக்காகவே சுவிற்சர்லாந்துக்கு நூற்றுக்கணக்கில் வரும் காலம் வரும் என்றார். அவர் வாக்குப் பலித்தது. லூயிசா 1906 இல் இறந்தார்.

துணைவந்தோர் பட்டியல் இத்துடன் முடியவில்லை. கால் டோர்னோ என்னும் யேர்மானியச் செல்வர் தம் மகளின் நோய் காரணமாக வந்து, அம்மலை வெயிலில் உண்மையில் என்ன இருக்கின்றது என்பதை அளந்தறிய விரும்பி, 1907 இல் தம் பொருள் கொண்டே ஓர் ஆய்வுநிலையத்தை நிறுவினார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளுக்கு உலக அளவுகோலாக விளங்குவது இன்றும் அந்நிலையமே. யேர்மானிய நாவலாசிரியர் தொமஸ் மான், தாவோசிற் சிகிச்சை பெற்ற மனைவி காற்றியாவைப் பார்க்க 1912 இல் மூன்று வாரம் வந்தார். வைத்தியர் அவரையும் தட்டிப் பார்த்து, உமக்கும் நோய்க்குறி உண்டு, ஆறு மாதம் தங்கும் என்றார். அவரோ தங்காது புறப்பட்டு, 1924 இல் "மாய மலை" என்னும் பெருநாவலை வெளியிட்டார். அதன் தலைவனும் துணைவந்தவன் போன்றவனே: நோயுற்ற உறவினனை மூன்று வாரம் பார்க்க வந்து, லாண்ட்குவாட்டில் வண்டி மாறி, டோர்ப் நிலையத்தில் இறங்கி, ஏழு ஆண்டு தங்கிவிடுகிறான். 1914 இல் போருக்குச் செல்ல அவன் வண்டியேறுவதும் அச்சிறு நிலையத்திலேயே. காற்றியாவின் ஊடுகதிர்ப் படங்களைப் பல்லாண்டு கழித்து மீள நோக்கிய வைத்தியர், சயரோகத்தின் அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை என்றார். அவர் 1980 இல், 96 வயதில், இறந்தார்.

துணைவந்தோரே யாவற்றையும் செய்தனர் என்று வாதிப்பது மிகையாகும். றிக்டர், சைமண்ட்ஸ், ஸ்ரீவன்சன் ஆகியோர் நோயாளிகளே. 1883 இல் குளோஸ்ரர்ஸ் வீதியிற் சறுக்குவண்டிப் போட்டி நடந்ததிற் சைமண்ட்சுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் பாதை, பலகை, ஆய்வுநிலையம், நாவல் ஆகிய நான்கின் தோற்றத்திலும், படுக்கையிற் கிடந்த ஒருவரின் அருகே நாற்காலியில் இருந்த மற்றொருவரைக் காண்கின்றோம். ஹொல்ஸ்பூரின் முதல் மனைவியைப் பற்றி, ஊர் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை. அவர் வராதிருந்தால் அவர் கணவரும் வந்திருக்கமாட்டார்.

பாதையின் இரண்டாம் பணி இனித் தொடங்குகின்றது. முதல் உலகப் போரில் நிலக்கரி அருகியமையால், மலையருவிகளின் மின்சாரத்தை நாட வேண்டியதாயிற்று. தாவோஸ் - குளோஸ்ரர்ஸ் பகுதி 1920 இலும், குளோஸ்ரர்ஸ் - லாண்ட்குவாட் பகுதி 1921 இலும் மின்மயமாயின. தூய காற்றை விற்ற ஊருக்குப் புகைக்கும் இயந்திரத்தில் வந்து இறங்கிய வேடிக்கை அத்துடன் ஒழிந்தது. பின்னர் 1931-32 இல், டோர்ப்பிலிருந்து 2,660 மீற்றர் உயரமுள்ள வைஸ்புளூயோக் வரை கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலையேறி வண்டி அமைந்தது. அவ்வுச்சிக்கு அப்பால் பார்சென் எனும் பெரும் பனிச்சரிவு கிடக்கின்றது. அதன் வழியே சறுக்கிச் செல்வோர் குப்லிஸ் என்னும் கிராமம் வரை, 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை இறங்கிக் கடக்கலாம்.

இறங்கியவர் எவ்வாறு ஏறுவது? குப்லிஸ் லாண்ட்குவாட் பாதையிலுள்ள ஒரு நிலையம். பலகைகளைத் தோளிற் சாய்த்து மேடையில் நின்றால், தாவோசுக்குச் செல்லும் வண்டி வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஹொல்ஸ்பூர் நோயாளிகளுக்காக அமைத்த அப்பாதை இல்லையெனில், அத்துணை நீண்ட சறுக்கு ஒரு நாள் விளையாட்டாக அமைந்திராது. இத்தொடர்பை வழிகாட்டி நூல்கள் போதியளவு எடுத்துரைப்பதில்லை. 1934 இல், பொறியியலாளர் ஏர்ன்ஸ்ற் கொன்ஸ்ரம் பிளாட்சை அடுத்த போல்கன் சரிவில் பனிச்சறுக்குவோரை இழுத்துச் செல்லும் கம்பி ஒன்றை அமைத்தார். கற்றுக்குட்டிகளும் நடையின்றி மேலேறலாயினர்.

இக்காலத்தில் நோயாளரும் விளையாட்டாளரும் ஒரே வண்டியில் வந்து, ஒரே மேடையில் இறங்கினர். படிப்பு முறிந்து படுக்கையிற் கிடந்த இளைஞர்க்காகப் பல்கலைக்கழக விரிவுரைகள் சிலவும் அங்கு ஒழுங்கு செய்யப்பட்டன. 1928 இல் அவற்றின் தொடக்கத்துக்கு அல்பேட் ஐன்ஸ்ரைன் வந்து பௌதிகவியலின் அடிப்படைகளைப் பற்றிப் பேசினார். மறு ஆண்டு மெய்யியலாளர் கசீரரும் ஹைடேகரும் அதே அரங்கில் வாதிட்டனர். மாணவன் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல முடியாதபோது, பல்கலைக்கழகம் மலையேறி வந்தது.

அதே நிலையத்தில் வேறு வகையினரும் இறங்கினர். சுவாசநோயின் பொருட்டு 1917 இல் தாவோஸ் வந்து, டோர்னோவின் ஆய்வுநிலையத்தில் வேலை பார்த்து, பின்னர் சுவிற்சர்லாந்து நாசிக் கட்சியின் தலைவராகிய வில்கெல்ம் குஸ்ற்லொவ் என்பவரை, பேர்ண் நகரிலிருந்து வந்த தாவீது பிராங்பேட்டர் என்னும் யூத வைத்திய மாணவர் 1936 பெப்ரவரி 4 இற் சுட்டுக் கொன்றார். இறந்தவரின் உடல் யேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நாசிகளால் தியாகியாக்கப்பட்டது. பிராங்பேட்டருக்கு 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போர் முடிந்த 1945 இல் மன்னிப்புப் பெற்றார். நோயாளருக்கு இரங்கிய ஊர் எல்லா நோயையும் இனங்கண்டு கொள்ளவில்லை.

1943 இல் ஸ்ரெப்ரொமைசின் கண்டுபிடிக்கப்பட்டதும், அதனையடுத்து வேறு மருந்துகள் வந்ததும், படுத்துக் கிடக்கும் சிகிச்சை பொருளற்றதாயிற்று. பிளாட்சின் மேலே 1900 இல் திறக்கப்பட்ட ஷாற்ஸ்அல்ப் என்னும் புகழ்வாய்ந்த சயரோக விடுதி, 1950 களில் உல்லாச விடுதியாக மாறிற்று. வேறு பலவும் அவ்வாறே ஆயின. நோயாளிகளுக்காக வெயிலை நோக்கி அமைத்த மேல்மாடங்கள் விருந்தினருக்கு நன்கு பயன்பட்டன. நோய் ஒன்றையே நம்பிய ஊராயின் அப்பொழுதே வெறிச்சோடியிருக்கும். தாவோஸ் அவ்வாறாகாமைக்குக் காரணம், அரை நூற்றாண்டுக்கு முன்பே மாற்றுத் தொழிலொன்று அதே பாதையில் வந்து சேர்ந்திருந்தமையே. 1971 முதல் உலகப் பொருளாதார மன்றம் ஆண்டுதோறும் அங்குக் கூடுவதும், அத்தனை பேரைத் தங்கவைக்கும் விடுதிகள் அச்சிற்றூரில் இருந்தமையாலேயே.

ஹொல்ஸ்பூரின் எண்ணம் தாவோசுடன் நிற்கவில்லை. ஸ்காலெற்றா மலையைச் சுரங்கத்தால் ஊடறுத்து எங்கடின் பள்ளத்தாக்கை அடைந்து, அப்பால் இத்தாலி எல்லை வரை செல்லவேண்டும் என்பது அவர் திட்டம். அத்திட்டம் ஏற்கப்படவில்லை, அல்பூலா மலை வழியே வேறொரு பாதையை அமைக்கலாயினர். 1898 இல் அவர் இறந்தார். ஷாற்ஸ்அல்ப் விடுதியின் திறப்பையும் அவர் காணவில்லை. தாவோசைத் தெற்கே பிலிசூருடன் இணைத்த பாதை, வீசன் என்னுமிடத்தில் ஏறத்தாழ 90 மீற்றர் உயரக் கற்பாலத்தின்மேற் சென்று, 1909 இல் முடிந்தது. எங்கடினுக்கு நேரே செல்லும் சுரங்கமும் முடிவில் வந்தது. ஆனால் ஸ்காலெற்றாவின் கீழன்று, தாவோசிலிருந்துமன்று. 1999 நவம்பரில் திறக்கப்பட்ட 19 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த வெரைனாச் சுரங்கம் குளோஸ்ரர்சிலிருந்தே புறப்படுகின்றது. எங்கடின் செல்லும் வண்டிகள் அங்கே பிரிந்து மலைக்குள் மறைய, தாவோஸ் வண்டி மட்டும் வொல்ப்காங் மேட்டை நோக்கி, 1890 இன் அதே சரிவில், தனியே ஏறிச் செல்கின்றது.